கனடாவின் புல்வெளிக்கு அடியில் இவ்வளவு உப்பு எப்படி வந்தது?

சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் பொட்டாஷ், அதாவது உரத்துக்கான பொட்டாசியம் உப்பு, வெட்டுகிறார்கள். கடலே இல்லாத ஊரில் அது எப்படி என்பது கேள்வி.

கடல் இன்றைக்குத்தான் இல்லை. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், அங்கே வெப்பமான உள்கடல் ஒன்று இருந்தது. வடமேற்கில் வளர்ந்த சுண்ணாம்புத் திட்டுகள் பெருங்கடலோடு இருந்த தொடர்பைச் சுருக்கிவிட்டன. உள்ளே வரும் நீரைவிட ஆவியாகும் நீர் அதிகமானது.

அப்புறம் நடந்தது நம் உப்பளத்தில் நடப்பதுதான். முதலில் சுண்ணாம்பு, ஜிப்சம், பிறகு சாதாரண உப்பு படியும். பொட்டாசியம் உப்பு எளிதில் கரைவதால் கடைசி வரை எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கும். அதுவும் வற்றினால்தான் படியும். அதனால்தான் பொட்டாஷ் அடுக்குகள் மேல்பகுதியில் இருக்கின்றன. இந்தப் பாறைத் தொகுதிக்குப் ‘பிரெய்ரி எவாபொரைட்’ என்று பெயர். சில இடங்களில் 200 மீட்டர் தடிமன்!

1943இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோதுதான் பொட்டாஷ் தென்பட்டது. கண்டுபிடித்தது எளிது, இறங்குவதுதான் பாடு. மேலே ‘பிளேர்மோர்’ என்ற நீர் நிறைந்த மணல் அடுக்கு உண்டு; அதை உறையவைத்துத்தான் சுரங்கக் குழி தோண்டினார்கள். தெற்கே போகப்போக அடுக்கு இன்னும் ஆழத்துக்குச் சரிகிறது. அங்கே பெல் பிளெயின் என்ற சுரங்கத்தில் ஆள் இறங்குவதில்லை. நீரைச் செலுத்தி, உப்பைக் கரைத்து மேலே எடுக்கிறார்கள்.