காசியிலிருந்து ஐயா கொண்டு வந்த டால்பின் எலும்பை விற்கலாமா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு தேவகோட்டைப் பக்கம். அப்பச்சி (அப்பா) தவறி இரண்டு மாதம் ஆகிறது. பாகப்பிரிவினைக்காக பெட்டகங்களைத் திறந்தபோது, ஐயா (தாத்தா) 1960களில் காசி போய் வாங்கி வந்த கங்கை டால்பினின் தாடை எலும்பும், மூட்டுவலிக்குத் தேய்த்ததுபோக மிச்சமிருந்த டால்பின் எண்ணெய் ஒரு புட்டியும் கிடைத்தன. காகிதம் எதுவும் இல்லை. காரைக்குடி பழம்பொருள் வியாபாரி ஒருவர் விலை பேசுகிறார்; தம்பி படமும் அனுப்பிவிட்டான். அறுபது வருடப் பழசு, விற்றால் தப்பா?

பதில்: தப்புதான். தம்பியிடம் சொல்லி இன்றே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். விற்பது மட்டுமல்ல, விலைக்குத் தருவதாகச் சொல்வதே குற்றம்.

‘பழசு’ என்ற வாதம் இங்கே எடுபடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கங்கை டால்பின் முதல் அட்டவணை உயிரினம், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அப்படிப்பட்ட பொருளை வைத்திருந்தவர்கள் அப்போதே அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். விட்டவர்களுக்காக 2003இல் 180 நாள் அவகாசமும் வந்தது. உங்கள் வீட்டில் யாரும் தெரிவித்ததாகத் தெரியவில்லை. பெட்டகத்துக்குள் இருப்பது யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்!

உங்களுக்கு ஒரு வழி உண்டு. வாரிசாக இப்படியொரு பொருள் கைக்கு வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 40(2பி). இரண்டு மாதம் போய்விட்டது, மீதி ஒரு மாதம்தான். முன்பு அறிவிக்காத குறை இதனால் தானாகத் தீர்ந்துவிடாது. பொருளைச் சட்டப்படி வைத்துக்கொள்ள உரிமைச் சான்று தருவதும் தராததும் அவர்கள் முடிவு. ஆனாலும் தானாக முன்வந்து சொன்னவரையும், கடையில் பிடிபட்டவரையும் நீதிமன்றம் ஒரே மாதிரி பார்க்காது. பிடிபட்டால், சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

என்னைக் கேட்டால், சான்றுக்கு மெனக்கெடாமல் இரண்டையும் ஒப்படைக்கவே விரும்புகிறேன் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பணம் கிடைக்காது, வழக்குப் பயமும் வெகுவாகக் குறையும்.

ஒரு எலும்புக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். 2025இல் வெளியான முதல் முழுக் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த ஆற்று டால்பின்கள் 6,327தான். பார்வை ஏறக்குறைய இல்லாத, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி போடும் பிராணி. மீன் பிடிக்க இரையாகவே இதன் எண்ணெயைப் பயன்படுத்துகிற வழக்கம் கங்கைக்கரையில் இருந்தது. அணைகளும் தடுப்பணைகளும் ஆற்றைத் துண்டாக்கியது போதாதென்று, நம் ஊர்க் கடையில் எலும்புக்கு விலை வைத்தால் அங்கே வலைக்காரருக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

அப்புறம், பங்காளிகள் யாரும் எண்ணெயைக் கண்மாயில் கொட்டவோ எலும்பை எரிக்கவோ வேண்டாம், அது தடயத்தை அழித்ததாகும். பாகப்பத்திரத்திலும் இதை யார் பங்கிலும் எழுதாதீர்கள். அப்பச்சியின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஐயா காசி போன காலத்துக் கடிதமோ ரசீதோ இருந்தால் அது, பொருளின் புகைப்படம் எல்லாம் சேர்த்து, மாவட்ட வன அலுவலர் வழியாக விண்ணப்பம் கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.