இங்கிலாந்தில் குதிரை டிரெய்லர் இழுக்க 5,000 பவுண்டுக்குள் என்ன பழைய கார் வாங்கலாம்?

ஒரே ஒரு குதிரை, மாதத்துக்கு இரண்டு மூன்று பயணம், கையில் 5,000 பவுண்டு என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கிறோம். மகளின் குதிரை கோப் வகை, 560 கிலோ.

கார் விளம்பரங்களைத் திறக்கும் முன் குதிரையின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். தீவனக் கடையில் விற்கும் எடை நாடாவை நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். இரண்டு குதிரை நிற்கக்கூடிய வழக்கமான ஐஃபர் வில்லியம்ஸ் டிரெய்லர் வெறுமனே ஒரு டன்னை ஒட்டி வரும். சேணம், வைக்கோல், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் ஒரு குதிரைக்கே 1,600 கிலோ ஆகிவிடுகிறது. பின்னால் இன்னொரு குதிரையும் வரலாம் என்றால் 2,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கார் பார்க்க வேண்டும்.

நான் அப்படிச் செய்யவில்லை. விற்றவர் "இரண்டு டன் இழுக்கும்" என்றார், நம்பி ஒரு ஆட்டோமேட்டிக் எஸ்யூவியை வாங்கினேன். மூன்றாவது பயணத்தில், மழையில், இறக்கத்தில் போகும்போது ஒரு லாரி எங்களைத் தாண்டியது. டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்து, ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், மெதுவாக அடங்கியது. பின் சீட்டில் இருந்த மகள் வீடு வரும்வரை பேசவில்லை. மறுவாரம் காரில் மாட்டியபடியே டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம்: 1,580 கிலோ. அதற்குப் பிறகுதான் காரின் தகட்டைப் படித்தேன். மேனுவல் கியர் வண்டிக்குத்தான் இரண்டு டன். ஆட்டோமேட்டிக்குக்கு 1,500.

அந்தத் தகடு கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டுக்குள்ளோ இருக்கும். நான்கு எடைகள் போட்டிருப்பார்கள். முதலாவது, காரில் ஆளும் சாமானும் ஏற்றிய பிறகு இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 2,500, 4,500 என்றிருந்தால் மிச்சம் 2,000 கிலோ, அதுதான் இழுக்கும் அளவு. இரண்டாவது எண்ணே இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். வி5சி என்ற காரின் பதிவுச் சான்றிதழிலும் ஓ.1 என்ற இடத்தில் பிரேக் உள்ள டிரெய்லருக்கான அளவைப் பார்க்கலாம்.

இந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? முழுப் பாரத்தோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்ப முடியுமா என்பதுதான் சோதனை. ஆக, எஞ்சினால் கிளப்ப முடியும் என்பதற்குத்தான் அது சாட்சி. பக்கக் காற்றில், இறக்கத்தில், பின்னால் ஒரு உயிர் கால் மாற்றி நிற்கும்போது கார் அதை அடக்கி வைக்குமா என்பது காரின் சொந்த எடையைப் பொறுத்தது. டிரெய்லரின் மொத்த எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று கேரவன் இழுப்பவர்களுக்கு ஒரு அறிவுரை உண்டு. சட்டம் இல்லை, ஆனால் குதிரைக்கு நான் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். 1,600 கிலோ டிரெய்லருக்கு ஏறக்குறைய 1,880 கிலோ கார் வேண்டும் என்று கணக்கு வரும்.

அடுத்தது பாரத்தை வைக்கும் விதம். ஊரில் மாட்டு வண்டி ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கும் அதேதான். டிரெய்லரின் எடையில் 5 முதல் 7 சதவீதம் காரின் கொக்கியை அழுத்த வேண்டும், அதேசமயம் காருக்கான அளவையும் தாண்டக் கூடாது. டிரெய்லர் ஆடிய அன்று நாங்கள் வைக்கோல் கட்டையும் தண்ணீர்க் கேன்களையும் பின்கதவை ஒட்டி அடுக்கியிருந்தோம். ஒற்றைக் குதிரையை வலப்பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் ஏற்றுங்கள், இங்கே சாலை இடப்பக்கம் சரிந்திருக்கும்.

சரி, என்ன கார்? 2010 முதல் 2014 வரை வந்த கியா சொரெண்டோ, 2.2 டீசல், மேனுவல். இழுக்கும் அளவு 2,500 கிலோ. அதே காரின் ஆட்டோமேட்டிக் என்றால் 2,000தான். அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். நாங்கள் இப்போது ஓட்டுவது இதைத்தான், உங்களுக்கும் இதையே சொல்வேன். ஃப்ரீலேண்டர் 2 இரண்டு டன் இழுக்கும், ஒற்றைக் குதிரைக்குப் போதும். டிஸ்கவரி 3 எல்லோருக்கும் பிடிக்கும்: 3,500 கிலோ, இரண்டரை டன் சொந்த எடை, பின்னால் குதிரை இருப்பதே தெரியாது. ஆனால் அதன் 2.7 டீசலில் கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) உடைவது ஊரறிந்த சங்கதி, ஏர் சஸ்பென்ஷன் செலவும் சேரும். 5,000 பவுண்டுக்கு வாங்கி இன்னொரு 5,000 தயாராக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது.

நான்கு சக்கர இயக்கம் அவசியம். சாலையில் அது இல்லாமலும் சமாளிக்கலாம், போட்டி நடக்கும் ஈரப் புல்வெளியிலிருந்து வெளியே வர முடியாது.

லண்டனுக்குள் இருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் கட்டுப்பாடு லண்டனின் எல்லா மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத டீசலுக்கு நாளுக்கு 12.50 பவுண்டு. புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் யூரோ 6 கட்டாயமானது 2015 செப்டம்பரில், அதனால் நான் சொன்ன பழைய டீசல்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். லண்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதே காரணத்தால் நல்ல தேர்வு கிடைக்கிறது.

பார்க்கப் போகும் முன் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் படியுங்கள், இலவசம்தான். அடிப்பகுதித் துரு, பிரேக் குழாய்த் துரு என்று வருடா வருடம் எச்சரிக்கை எழுதியிருந்தால் போகவே வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது உயர்ந்த கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. டிரெய்லர் மாட்டும் கொக்கி (டோபார்) ஏற்கெனவே இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், அந்தக் கார் எதை இழுத்தது என்று யார் கண்டார். 5,000ஐயும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் 4,200க்கு வாங்கி, மிச்சத்தை டயர், பிரேக், டோபார் வயரிங்குக்குச் செலவழித்தோம். டோபார் இருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

2021 டிசம்பர் 16க்குப் பிறகு சாதாரண கார் உரிமமே 3,500 கிலோ டிரெய்லர் வரை போதும், தனிப் பரீட்சை இல்லை. இருந்தாலும் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வாருங்கள், குதிரை இல்லாமல் பின்னோக்கி ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

பிடித்த கார் ஏதாவது அமைந்தால் தகட்டின் நான்கு எண்களையும் குதிரையின் எடையையும் எனக்கு எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.