ஏழடி மெத்தைக்கு எந்த விரிப்பு?

கேள்வி: என் மகன் ஆறடி மூன்று அங்குல உயரம். வழக்கமான கட்டிலில் கால் வெளியே நீண்டுகொண்டே இருந்ததால், ஆசாரியிடம் சொல்லி ஏழுக்கு மூன்றரை அடியில் கட்டிலும், அதே அளவில் 6 அங்குலக் கனமுள்ள தேங்காய் நார் மெத்தையும் செய்து வாங்கினோம். ஆனால் கடையில் வாங்கிய சிங்கிள் பெட்ஷீட் ஒன்றும் நிற்பதில்லை. விடிந்து பார்த்தால் கால்மாட்டில் சுருண்டு கிடக்கிறது. எந்த அளவில் வாங்குவது?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, உங்கள் மகன் புரண்டு படுப்பதால் விரிப்பு சுருளவில்லை, துணியின் நீளம் போதாததால்தான் சுருள்கிறது. கடைகளில் சிங்கிள் என்று கிடைப்பது பெரும்பாலும் 60க்கு 90 அங்குலம். உங்கள் மெத்தையின் நீளம் 84 அங்குலம் என்பதால், தலைமாட்டில் 3, கால்மாட்டில் 3 அங்குலம்தான் தொங்கும். அது மெத்தைக் கனத்தில் பாதியைக்கூட மூடித் தாண்டாது என்னும்போது அடியில் செருகுவதற்குத் துணி ஏது?

கணக்கு இதுதான். மெத்தை நீளம் 84, இரு பக்கக் கனம் 12, செருகுவதற்குப் பக்கத்துக்கு 4 அங்குலம் வீதம் 8, ஆக 104 அங்குலம். அகலத்துக்கும் இதே முறையில் 42, 12, 8 என்று கூட்டினால் 62. இந்த அளவில் சிங்கிள் விரிப்பு தேடி அலைய வேண்டாம். 90க்கு 108 அளவுள்ள டபுள் விரிப்பை வாங்கி, அதன் 108 அங்குலப் பக்கம் மெத்தையின் நீளவாக்கில் வருமாறு விரியுங்கள். டபுளில் 90க்கு 100 என்ற அளவும் உண்டு, அது உங்களுக்கு ஆகாது. ஆகவே சிங்கிள், டபுள், கிங் என்னும் பெயர்களை நம்பாமல், உறையில் அச்சிட்டிருக்கும் அங்குலத்தைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பர்கூர் ஜவுளிக் கடைகள் உங்களுக்கு அதிக தூரமில்லை; போகும்போது கைப்பையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும்.

நான்கு அங்குலம் கூடுதலாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பருத்தித் துணி முதல் சில சலவைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை சுருங்கக்கூடும். 108 என்று வாங்கியது 104க்கு வந்து நிற்கும். கணக்காக அளந்து வாங்கிய ஒரு விரிப்பு, இரண்டாம் சலவையிலேயே மூலை எட்டாமல் போனதைப் பார்த்து எனக்கும் மனம் நொந்திருக்கிறது.

எலாஸ்டிக் வைத்த விரிப்புதான் வேண்டுமென்றால், இதே 90க்கு 108 விரிப்பைத் தையற்காரரிடம் கொடுப்பதே நல்லது. துணியை முதலில் துவைத்துக் காயவைத்த பிறகு, 104க்கு 62 என்று வெட்டி, நான்கு மூலையிலும் 10 அங்குலச் சதுரத்தை நீக்கி, வெட்டிய ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் மூலை பெட்டி போல் அமையும். எலாஸ்டிக்கை மூலைகளில் மட்டும் வைக்காமல் விளிம்பைச் சுற்றிலும் கோக்கச் சொல்லுங்கள். மூலையில் மட்டும் வைத்தது, நடுவில் ஒருவர் உட்கார்ந்து எழுந்தாலே கழன்றுவிடும். அகலத்தில் மிஞ்சும் 20 அங்குலத்துக்கும் மேற்பட்ட பட்டையில் ஒரு தலையணை உறை தாராளமாக வரும்.

போர்வையை மட்டும் மெத்தையை வைத்து அளக்காதீர்கள், ஆளை வைத்து அளந்துகொள்ளுங்கள். 90 அங்குலப் போர்வை அவர் உயரத்தைவிட 15 அங்குலம் அதிகம் என்பதால், காலுக்கு அடியில் மடித்துக்கொள்ளப் போதும்.

கேள்வி: மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் மகளின் விடுதிக் கடிதத்தில் படுக்கை 'ட்வின் எக்ஸ்எல்' என்று இருக்கிறது. இங்கிருந்தே விரிப்பு வாங்கி அனுப்பலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: அங்கே ட்வின் என்பது 38க்கு 75 அங்குலம், ட்வின் எக்ஸ்எல் 38க்கு 80. அகலம் ஒன்றுதான், நீளத்தில் மட்டும் 5 அங்குலம் கூடுதல். நம் ஊரில் ஆறரைக்கு மூன்று என்று விற்கும் 78க்கு 36 மெத்தைக்கான எலாஸ்டிக் விரிப்பு, நீளத்திலும் அகலத்திலும் 2 அங்குலம் குறைவதால், மூன்று மூலையைப் போட்டுவிட்டு நான்காவதை இழுத்தால் முதல் மூலை கழன்று வரும். அதை வாங்க வேண்டாம். மேலே சொன்ன 90க்கு 108 சாதா விரிப்பு இரண்டை இங்கேயே ஒருமுறை துவைத்துப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். மெத்தை 8 அங்குலக் கனமாக இருந்தாலும் நீளவாக்கில் அடியில் செருகத் துணி இருக்கும். எலாஸ்டிக் விரிப்பு வேண்டுமானால் அங்கே போன பிறகு வாங்கட்டும்; உறையில் வெறும் ட்வின் என்று இல்லாமல், எக்ஸ்எல் என்றும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.