ராணுவத்தில் இறந்த கணவரின் கடனுக்கு மனைவியின் பென்ஷனை ஜப்தி செய்ய முடியுமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். எட்டு மாதத்துக்கு முன் எல்லைப் பகுதியில் பணியில் இருந்தபோது வாகன விபத்தில் இறந்துவிட்டார். எங்களுக்கு ஒரே மகள், நான்காம் வகுப்பு படிக்கிறாள். மாமனார், மாமியார் இருக்கிறார்கள். எல்.ஐ.சி. பாலிசியிலும் சேமநல நிதியிலும் கல்யாணத்துக்கு முன் போட்டபடி மாமியார் பெயரே நாமினியாக இருக்கிறது. "வீடு உனக்கும் பாப்பாவுக்கும்தான்" என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று என்னிடம் உள்ளது. தெரிந்தவர் ஒருவரிடம் புரோ நோட்டு எழுதி 3 லட்சம் வாங்கியிருக்கிறார். அவரிடம் வெற்றுக் காசோலையும் இருக்கிறதாம். "வீட்டை எழுதிக்கொடு, இல்லாவிட்டால் உன் பென்ஷனை ஜப்தி செய்வேன்" என்கிறார். வங்கியிலும் தனிநபர் கடன் பாக்கி. யூனிட்டிலிருந்து அவருடைய பெட்டியும் ஒரு கணக்குத்தாளும் வந்தன. அதில் மெஸ் பாக்கியைக் கழித்திருக்கிறார்கள். இது சரியா? என் தம்பியும் ராணுவத்தில் இருக்கிறான். சண்டை மூண்டு எதிரியிடம் சிக்கிக்கொண்டால் அவன் சம்பளம், கடன் எல்லாம் என்ன ஆகும் என்ற பயமும் வந்துவிட்டது.

பதில்: சகோதரி, முதலில் அந்த மிரட்டலை ஓரமாக வைப்போம். உங்களுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் உங்கள் கணவர் விட்டுச்சென்ற சொத்தே அல்ல. அவர் உயிரோடு இருந்தவரை அது யாருக்கும் சேரவேண்டிய பணமாக இல்லை. அவர் இறந்த பிறகு, மனைவி என்ற முறையில் உங்களுக்குப் பிறந்த உரிமை அது. விமானப்படை அதிகாரி ஒருவரின் குடும்ப ஓய்வூதியம் பற்றிய ஜோத் சிங் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதனால் அதை உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாது, அவருடைய கடனுக்காக யாரும் பிடிக்கவும் முடியாது. போதாததற்கு 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், பிரிவு 11, ஓய்வூதியத்தை ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60-ம் அதையே சொல்கிறது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் வங்கியில் வைப்புத்தொகையாக மாறிய பிறகும் இந்தப் பாதுகாப்பு தொடரும் என்று ராதேஷ்யாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சொல்லப்போனால், உங்கள் கணவர் இருந்தபோதே அந்த வட்டிக்காரரால் அவர் சம்பளத்தில் கை வைத்திருக்க முடியாது. ராணுவச் சட்டம் 1950, பிரிவு 28-ன்படி படைவீரரின் சம்பளத்தையும் படிகளையும் சிவில் நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. பிரிவு 29-ன்படி பணியில் இருக்கும்வரை கடனுக்காக அவரைக் கைது செய்யவும் முடியாது. உயிரோடு இருந்த வீரரிடம் முடியாததை அவர் மனைவியிடம் செய்வதாக மிரட்டுகிறார்.

அப்படியானால் கடன் அப்படியே போய்விடுமா? போகாது. கணவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவோ, அந்த அளவுக்குள் மட்டும் கடன்காரர் வாரிசுகள் மீது வழக்குப் போடலாம். தீர்ப்பு வந்தாலும், உங்கள் கைக்கு வந்த அவர் சொத்திலிருந்துதான் வசூலிக்க முடியும். உங்கள் நகை, உங்கள் சம்பாத்தியம், பிறந்த வீட்டுச் சொத்து எதையும் தொட முடியாது. தந்தையின் கடனைப் பிள்ளைகள் அடைக்க வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையும் 2005 திருத்தத்தோடு முடிந்தது.

ஆகவே எது அவர் சொத்து, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. வீடு, அவருடைய வங்கி இருப்பு, சம்பள நிலுவை, பெட்டியில் வந்த பொருட்கள் ஆகியவை அவர் சொத்து. குடும்ப ஓய்வூதியம் சொத்தல்ல. பணியின்போது விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மத்திய அரசு தரும் 25 லட்சம் கருணைத் தொகையும் அவர் விட்டுச்சென்ற சொத்து அல்ல. சேமநல நிதிக்கு இன்னும் பலமான வேலி இருக்கிறது. சேமநல நிதிச் சட்டம் 1925, பிரிவு 3-ன்படி இறந்தவரைச் சார்ந்திருந்தவருக்குப் போகும் தொகை, இறந்தவர் வாங்கிய எந்தக் கடனும் ஒட்டாமல் போய்ச் சேர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விபத்து பணி தொடர்பானது என்று ராணுவத்தின் விசாரணை முடிவானால் உங்களுக்குக் கிடைப்பது சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். அது கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 60 சதவீதம். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம்தான், முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் கூடுதல் விகிதம் உண்டு. பென்ஷன் ஆணையில் எது போடப்பட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். கடன்காரரைப் பற்றிய கவலையில் இதைக் கோட்டைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மாமியார் விஷயம். இதில் உங்களுக்குப் பிடிக்காத சில வரிகளும் வரும். நாமினி என்றால் வாரிசு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொதுவாக நாமினி பணத்தை வாங்கி, உரியவர்களிடம் சேர்க்க வேண்டிய ஆள் மட்டுமே. சேமநல நிதியில் நாமினியாக இருந்த தாய்க்கும் மனைவிக்கும் இடையே நடந்த ஷிப்ரா சென்குப்தா வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. ஆனால் ஆயுள் காப்பீட்டில் நிலைமை மாறிவிட்டது. 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 39 திருத்தப்பட்டது. பெற்றோரையோ மனைவியையோ பிள்ளைகளையோ பாலிசிதாரர் நாமினியாகப் போட்டிருந்தால், அந்தத் தொகை அவர்களுக்கே உரியது என்கிறது சட்டம். எனவே எல்.ஐ.சி. பணத்தில் உங்கள் மாமியார் கை ஓங்கியிருக்கிறது. அதில் சண்டையைத் தொடங்காமல், பேசி முடிப்பதே நல்லது.

உயில் இல்லாத இந்து ஆணின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். உங்கள் குடும்பத்தில் அந்த வகுப்பில் வருபவர்கள் தாய், மனைவி, மகள். வீட்டில் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. மாமனார் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்குப் பங்கில்லை. வட்டிக்காரருக்கு வீட்டை எழுதிக்கொடுக்க உங்களால் முடியாது என்பதற்கும் இதுவே காரணம். மூன்றில் ஒன்று மாமியாருடையது. இன்னொன்று மைனர் மகளுடையது, நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதை நீங்கள்கூட விற்க முடியாது.

அந்தக் கடிதத்துக்கு வருவோம். போர்க்களத்தில் இருக்கும் வீரருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 65, 66-ல் ஒரு சலுகை இருக்கிறது. கைப்பட எழுதியிருந்தால் சாட்சி வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு சாட்சிகள் முன் வாயால் சொன்னாலும் உயில்தான். படிக்கும்போது உங்கள் கடிதத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கும். இரண்டு இடங்களில் இடிக்கிறது. ஒன்று, படையெடுப்பில் அல்லது நேரடிப் போரில் ஈடுபட்டிருக்க வேண்டும், எல்லையில் வழக்கமான பணி அதில் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. இரண்டாவது பெரிய தடை: அந்தச் சட்டத்தின் எந்தெந்தப் பிரிவுகள் இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தும் என்று மூன்றாம் அட்டவணை பட்டியல் போடுகிறது. அதில் 65, 66 இல்லை. கிறிஸ்தவ வீரருக்குக் கிடைக்கும் சலுகை அவர் பக்கத்தில் பதுங்குகுழியில் நிற்கும் இந்து வீரருக்குக் கிடைக்காமல் போகிறது. ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. ஆகவே இரண்டு சாட்சிகள் இல்லாத அந்தக் கடிதத்தை உயிலாக நம்பி வழக்கில் இறங்க வேண்டாம். ஆனால் கிழித்தும் போடாதீர்கள். மகனின் கையெழுத்தைப் பார்த்த பிறகு தன் பங்கைப் பேத்திக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்த தாய்களும் உண்டு.

வட்டிக்காரரிடம் ஒரே ஒரு ஜாக்கிரதை: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "பழைய நோட்டைப் புதுப்பித்துத் தாருங்கள், அவகாசம் தருகிறேன்" என்று தன்மையாகப் பேசுவார்கள். புதிய நோட்டில் நீங்கள் கையெழுத்திட்டால் அது உங்கள் சொந்தக் கடன். அப்புறம் மேலே நான் சொன்ன பாதுகாப்பு எதுவும் பேச்சுக்கு உதவாது. கேட்டவுடன் தரவேண்டிய புரோ நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் வழக்குக் காலவரம்பு. நோட்டின் தேதியை, முடிந்தால் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெற்றுக் காசோலையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இறந்தவர் கொடுத்த காசோலைக்காக வாரிசுகள் மீது செக் மோசடி வழக்குப் போட முடியாது. மிரட்டல் தொடர்ந்தால் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வங்கிக் கடனில் நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து அவர்கள் பிடித்தம் செய்யக் கூடாது. அந்தக் கடனோடு காப்பீடு சேர்ந்திருந்ததா என்றும் கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

யூனிட் கழித்த மெஸ் பாக்கி சரிதான். ராணுவ, விமானப்படையினரின் தனிச் சொத்துகளைப் பைசல் செய்வதற்கென்றே 1950-ல் ஒரு சட்டம் வந்தது. வீரர் இறந்தவுடன் கமாண்டிங் ஆபீசர் முகாமில் உள்ள பொருட்களைப் பத்திரப்படுத்தி, பட்டியல் எடுத்து, சேரவேண்டிய சம்பளத்தை வாங்கி, முகாமில் உள்ள கடன்களை அடைத்துவிட்டு மீதியை வாரிசுகளுக்கு அனுப்ப வேண்டும். மெஸ் கணக்கு அந்த முகாம் கடனில் வருவது. வெளியில் வாங்கிய புரோ நோட்டுக் கடன் அதில் வராது. கணக்குத்தாளோடு பொருட்பட்டியலின் நகலையும் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். கைக்கடிகாரம், செல்போன் போன்றவை விட்டுப்போவது நடப்பதுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

கடைசியாகத் தம்பி. போர்க்கைதிகள் பற்றிய மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் 1949-ல் உருவானது. அதைச் செயல்படுத்த இந்தியா 1960-ல் தனிச் சட்டம் போட்டது. பிடிபடும் நேரத்தில் ஒருவருக்கு இருந்த சிவில் உரிமைகள் முழுவதும் கைதியான பிறகும் தொடரும் என்கிறது ஒப்பந்தம். அவர் உயில் எழுதலாம், பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாம். அவற்றை ஊருக்கு அனுப்ப எதிரி நாடு வசதி செய்துதர வேண்டும். அந்த உயில் அவருடைய சொந்த நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் விதத்தில் இருக்க வேண்டும். பணத்தைப் பறித்தால் ரசீது தர வேண்டும். பிடித்துவைத்த நாடு மாதம்தோறும் முன்பணமும் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை 1949-ல் எழுதியது, சார்ஜென்டுக்குக் கீழே உள்ளவருக்கு 8 சுவிஸ் பிராங்க். சிகரெட், சோப்பு வாங்கலாம், அதை வைத்து வீட்டை நடத்த முடியாது.

வீட்டுக்கு வரவேண்டியது இங்கிருந்துதான். ராணுவச் சட்டத்தின் பிரிவு 91, போர்க்கைதியாக இருந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்க இடம் தருகிறது. படித்தால் பகீரென்றிருக்கும். ஆனால் பிரிவு 97 அந்தப் பிடித்தத்தைத் தள்ளுபடி செய்ய அதிகாரம் தருகிறது. போர்க்கைதியானவரை மட்டுமல்ல, காணாமல் போனவரைச் சார்ந்திருப்பவர்களுக்கும் அவர் சம்பளத்திலிருந்து வழங்கலாம் என்கிறது பிரிவு 99. திரும்பி வந்தபின் அவர் நடத்தை பற்றி விசாரணை நடந்தால் அது முடியும்வரை சம்பளம் நிறுத்திவைக்கப்படலாம். ஆனால் குடும்பத்துக்கான ஏற்பாட்டைப் பொறுத்தவரை அந்த விசாரணை முடியும் நாள்வரை அவர் போர்க்கைதியாகவே கருதப்படுவார்.

அவன் மீது இங்கே கடன் வழக்கு நடந்தால்? இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் 1925 அதற்காகவே இருக்கிறது. போர்ச் சூழலில் பணியாற்றுகிறார் என்ற சான்று வந்தால், சில விதிவிலக்குகள் தவிர, நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்க வேண்டும். போர்க்கைதியும் அதே கணக்கில் வருகிறார். தகவல் தெரிந்த மாவட்ட ஆட்சியரே நீதிமன்றத்துக்கு எழுதலாம். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தாலும் அதை நீக்கக் கேட்க வழி உண்டு.

பிடிபட்டது தெரிந்தால் இத்தனை வழிகள் இருக்கின்றன. 2019-ல் பாகிஸ்தானிடம் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன் மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். தெரியாமல் போவதுதான் கொடுமை. 1971 போரில் காணாமல் போய், பாகிஸ்தான் சிறையில் இருப்பதாக நம்பப்பட்ட 54 பேரின் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. சிவில் சட்டத்தில் ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கலாம். முன்பு இது சாட்சியச் சட்டத்தின் பிரிவு 108, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 111.

உங்கள் தம்பி அடுத்த முறை லீவில் வரும்போது அவனை உட்கார வைத்து இரண்டு வேலை முடியுங்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டரில், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் அதிகாரபூர்வ ஆணையில், ஏறியிருக்கிறதா, நாமினி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் மட்டும் அவன் கையெழுத்தைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். அந்த இருவரில் நீங்கள் ஒருவராக இருக்க வேண்டாம்.