முகாமில் ஓரமாக நிற்கும் குழந்தைக்கு என்ன செய்வது?

கேள்வி: 8 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 10 நாள் தங்கும் கோடை முகாம் நடத்துகிறோம். பாதிப் பேர் வருஷா வருஷம் வருபவர்கள், வந்ததுமே ஒரு செட்டாகச் சேர்ந்துகொள்கிறார்கள். புதுசாக வருபவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். முதல் நாளே ‘யாரையும் ஒதுக்க மாட்டோம்’ என்று உறுதிமொழி எடுக்க வைத்தும் பலனில்லை. இந்த முறை காது கேட்கும் கருவி அணிந்த ஒரு சிறுமியும் திக்கிப் பேசும் ஒரு பையனும் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உறுதிமொழியை விட்டுவிடுங்கள். அதை எடுக்கும்போது எந்தக் குழந்தையும் பொய் சொல்லவில்லை, ஆனால் அரை மணி நேரம் கழித்துத் தட்டோடு நின்று எங்கே உட்காருவது என்று தேடும்போது அது ஞாபகத்தில் இருக்காது. ஒதுக்குதல் நடப்பது நீங்கள் பார்த்துப் பார்த்துத் திட்டமிட்ட நிகழ்ச்சிகளில் அல்ல, அட்டவணையில் பெயரே இல்லாத நேரங்களில்தான்: சாப்பாட்டு மேசை, குளியலறை வரிசை, பேருந்தில் யார் பக்கத்தில் யார், விளக்கணைப்பதற்கு முந்தைய கால் மணி நேரம். இவற்றை அப்படியே விட்டுவிட்டு மீதியை எவ்வளவு அழகாக நடத்தினாலும் பழைய செட்தான் ஜெயிக்கும்.

அதனால் மேசைக்கு இத்தனை பேர், இன்னார் இன்னார் என்று நீங்களே எழுதி ஒட்டுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. தினமும் மாற்றாதீர்கள், ஒருவரோடு ஒருவர் பழக இரண்டு மூன்று நாளாவது வேண்டும். அணித்தலைவர்கள் ஆள் எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கடைசியாக எடுக்கப்படும் குழந்தை எல்லோர் முன்னாலும் ‘நீ வேண்டாம்’ என்பதைப் பல முறை கேட்டுவிடுகிறது, அதற்கப்புறம் எந்த விளையாட்டு அதற்கு இனிக்கும்? எண் சொல்லிப் பிரியுங்கள், அல்லது நிறச்சீட்டு கொடுங்கள்.

அணி, போட்டி என்று வந்தாலே ஒரு பழைய ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில், முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர் ஒரு கோடை முகாமையே ஆய்வுக்கூடமாக்கினார். 11 வயதை ஒட்டிய 22 பையன்கள், இரண்டு அணி, பரிசுக்குப் போட்டி. சில நாளிலேயே கொடியை எரிப்பதும் மற்ற அணியின் அறைக்குள் புகுந்து கலைத்துப் போடுவதுமாகிவிட்டது. சமாதானம் ஆகட்டும் என்று சேர்ந்து சாப்பிட வைத்தார்கள், சினிமா காட்டினார்கள். சாப்பாட்டை ஒருவர்மீது ஒருவர் வீசியதுதான் மிச்சம். தண்ணீர் வரத்து நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் கோளாறு தெரியும் என்று ஆனபோதும் (இதுவும் ஆய்வாளர்களின் ஏற்பாடுதான், இன்றைக்கு யாரும் இதை அனுமதிக்க மாட்டார்கள்), கிளம்பாத வண்டியைக் கயிறு கட்டி எல்லோருமாக இழுத்தபோதும்தான் பகை மெல்லத் தணிந்தது. அதைவிட உங்களுக்கு உதவக்கூடியது முந்தைய வருடம் அவர் தொடங்கிப் பாதியில் கைவிட்ட இன்னொரு முகாம். அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, பிறகுதான் அணி பிரித்தார்கள். எவ்வளவு தூண்டியும் எதிர்பார்த்த சண்டை மூளவில்லை.

ஆக, முதல் இரண்டு நாள் அணியே வேண்டாம். அப்புறம் போட்டி வையுங்கள், குழந்தைகளுக்கு அது பிடிக்கும், ஆனால் அணி ஆட்டத்துக்கு ஆட்டம் மாறட்டும், முகாம் முழுக்க ஓடும் மதிப்பெண் பலகையைக் கழற்றிவிடுங்கள். தினம் ஒரு வேலையாவது ஆள் குறைந்தால் முடியாததாக இருக்கட்டும். ஒருவரிடம் வரைபடம், ஒருவரிடம் குறிப்பு, இன்னொருவரிடம் சாவி என்று பிரித்துக் கொடுத்தால், பேசாத குழந்தையிடமும் போய்க் கேட்டே ஆக வேண்டும்.

பழைய ஆட்களைப் புதியவர்களுக்குப் ‘பாதுகாவலர்’ ஆக்காதீர்கள். ஒருவர் தயவில் இன்னொருவர் இருப்பது நட்பில்லை. இரண்டு பேருக்குமே புதிதான வேலையில் ஜோடி சேருங்கள். போன வருடத்துப் பாட்டு, பட்டப்பெயர், பழைய ஆட்களுக்கு மட்டும் புரியும் ஜோக் எல்லாவற்றையும் முதல் நாள் மாலையே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள், சொல்லிக்கொடுக்க முடியாததை விட்டுவிடுங்கள்.

அந்தச் சிறுமி விஷயத்தில், முகாமுக்கு முன்பே பெற்றோரிடமும் அவளிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: எது உதவும், எது பிடிக்காது, மற்றவர்களுக்குச் சொல்லலாமா, சொன்னால் யார் சொல்வது? அவள் சம்மதிக்காமல் மேடையில் அறிவிக்க வேண்டாம். முகம் பார்த்துப் பேசுவது, விளையாட்டு விதியை வாயால் மட்டும் சொல்லாமல் ஆடிக் காட்டுவது, விசிலோடு கொடியும் அசைப்பது எல்லாம் மற்ற குழந்தைகளுக்கும் நல்லதுதான். பலர் மறப்பது ஒன்று உண்டு: நீச்சலின்போதும் இரவிலும் கருவியைப் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். தண்ணீரில் எப்படிக் கூப்பிடுவது, நள்ளிரவில் எழுப்ப வேண்டி வந்தால் டார்ச்சா, தோளில் தட்டுவதா என்று அவளோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அந்தப் பையனுக்குக் கஷ்டமான நேரம் உங்களுக்கு மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒன்றாக இருக்கலாம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்வது. திக்குபவர்கள் பலருக்குச் சொந்தப் பெயர்தான் வர மறுக்கும், அதை வேறு வார்த்தையால் மாற்றவும் முடியாது, அதோடு முறை நெருங்க நெருங்கப் பதற்றம் ஏறும். இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பெயர்ச்சீட்டு கொடுங்கள். பேசும்போது வார்த்தையை எடுத்துக்கொடுக்காமல் காத்திருங்கள். ‘மெதுவா சொல்லு’ என்பதும் வேண்டாம்.

கேலி வரத்தான் செய்யும். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துச் செய்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மற்ற குழந்தைகள் குறுக்கிட்ட சம்பவங்களில் பாதிக்கும் மேல் 10 விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. அதனால் குழந்தைகளுக்குப் பெரிய வசனம் தேவையில்லை, ‘விடு, நீ எங்ககூட வா’ என்று பாதிக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு நகர்வதை நாடகம் மாதிரி நடித்துப் பழக்குங்கள். பெரியவர் தலையிட்டால் அங்கேயே மன்னிப்புக் கேட்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கேலி செய்தவரிடம் பிறகு தனியாகப் பேசுங்கள். அதற்கெல்லாம் முன்னால் உங்கள் தன்னார்வலர்களைக் கவனியுங்கள். ஓர் அண்ணா செல்லமாக ‘குண்டா’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், மாலைக்குள் முகாமே அப்படித்தான் கூப்பிடும்.

தினமும் இரவு 15 நிமிடம் தன்னார்வலர்களோடு உட்காருங்கள். பெயர்ப்பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இன்று இந்தக் குழந்தை யாரோடு இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் சேட்டைக்காரர்களைப் பற்றியே பேசுவார்கள், சில பெயர்களுக்கு நேரே யாருக்கும் எழுத ஒன்றும் இருக்காது. மறுநாள் காலை உங்கள் முதல் வேலை அந்தப் பெயர்கள்தான். எல்லோரையும் கூட்டத்துக்குள் தள்ளச் சொல்லவில்லை, தனியாக உட்கார்ந்து படம் வரைவதே பிடித்த குழந்தையும் உண்டு. வரைந்து முடித்துத் தலை நிமிரும்போது போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறதா என்று அந்தக் குழந்தையிடமே கேட்டுப் பாருங்கள்.