பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: வயது 34. கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்து, செத்துப்போவேன் என்று தோன்றியது. சேரன்மகாதேவியிலேயே இறங்கிவிட்டேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். அதிலிருந்து பஸ், கடைத்தெரு, கோவில் என எங்கேயும் கணவர் துணையில்லாமல் போக முடியவில்லை. பயந்த கோளாறு என்று கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்வது எதுவும் கற்பனை இல்லை, அம்மா. ஆபத்து இல்லாத நேரத்தில் மூளை ஆபத்து என்று நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும். மூச்சை வேகவேகமாக விடுவதால்தான் கை மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது. இது பேனிக் அட்டாக். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே அடங்கும்.

அந்த அட்டாக்கைவிட, அதன்பின் நீங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்ட பயணங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. சேரன்மகாதேவியில் இறங்கியதும் நிம்மதி வந்திருக்கும். இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பதிய வைத்துக்கொண்டது. உட்கார்ந்தே இருந்திருந்தாலும் பேட்டை வருவதற்குள் அடங்கியிருக்கும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கூடும். இந்த நிலைக்கு அகோராபோபியா என்று பெயர். கணவர் கூட வருவது அன்பினால்தான். ஆனாலும் எப்போதும் வந்தால் பயம் விலகாது.

சிபிடி என்ற பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகக் கேட்கும். முதலில் தெருமுனை வரை தனியாக நடப்பீர்கள். அப்புறம் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டுத் திரும்புவது, பிறகு வீரவநல்லூர் வரை, அது பழகிய பின் சேரன்மகாதேவி வரை. படபடப்பு வரத்தான் செய்யும், வரட்டும். அது குறையும்வரை அங்கேயே இருப்பதுதான் சிகிச்சையின் உயிர். ஒரே நாளில் திருநெல்வேலி ஜங்ஷன் வரை போய்விடலாம் என்று அவசரப்படாதீர்கள்.

சிலருக்கு செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரையும் தேவைப்படும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடவே வேண்டாம், அது பழக்கமாகிவிடும்.

கயிறு இருக்கட்டும், அவிழ்க்கச் சொல்லமாட்டேன். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை கணவரோடு வாருங்கள், தப்பில்லை. அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள்; அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவானாலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் மட்டும் பேனிக் என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.