ஒரு வாசனை பட்டதும் பழைய நினைவு அப்படியே வந்து நிற்கிறதே, ஏன்?

பழைய விஷயங்களை உட்கார்ந்து யோசித்தால் வருவதில்லை, எங்கிருந்தோ ஒரு வாசனையோ பாட்டோ வந்தால் மட்டும் எல்லாம் கொட்டுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் புலனும் நினைவைக் கிளப்பும். ஆனால் மூக்கு செய்கிற வேலையே தனி என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற பகுதிக்குப் போய், அங்கிருந்துதான் மேலே பிரிந்து போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்று இல்லை. மூக்கின் உள்கூரையில் இருக்கும் நரம்பணுக்களிலிருந்து மூளையின் அடியில் உள்ள முகர்வுக் குமிழுக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி. நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டியே இருக்கிறது.

இன்னொன்று, வாசனை என்பது மிகக் குறிப்பான அடையாளம். வாசனையை உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நிறம் பார்க்க நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு அணுக்கள்தான். வாசனைக்கோ சுமார் 400 வகை ஏற்பிகள். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்படுகின்றன என்பது வாசனைக்கு வாசனை மாறும். அதனால்தான் ஒரு வீட்டின் வாசனையை இன்னொரு வீட்டின் வாசனையிலிருந்து நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஒருமுறை அலுவலகத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் கதவு ஓடும் தடத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டி நாலைந்து அடி போயிருப்பேன், காரணமே தெரியாமல் மனசு இளகிவிட்டது. யாரோ என்னைப் பார்த்துக்கொள்கிறார்கள், கவலை இல்லை என்பது மாதிரி ஓர் உணர்வு. என்ன இது என்று நின்றுவிட்டேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. அம்மாவின் தையல் மிஷின். அதற்கு விடும் மெல்லிய எண்ணெய், மூக்கு நீண்ட சின்னக் குப்பி. மிதிக்கட்டை ஏறி இறங்கும் சத்தம். மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நான் பொறுக்கிய வெட்டுத் துணிகள். சக்கரத்தில் தோல் பட்டை ஓடும் இடத்தில் விரலை வைக்காதே என்று மேலிருந்து வரும் அம்மாவின் குரல்.

இதில் நான் கவனித்தது வரிசை. முதலில் உணர்வு, பிறகுதான் காட்சி, கடைசியில்தான் பெயர். ஒரு புகைப்படத்தைப் பார்க்கும்போது இது தலைகீழாக நடக்கும்: யார், எங்கே என்று தெரிந்தபின்தான் மனசு அசையும்.

அந்த நினைவு சின்ன வயதுடையதாக இருந்ததும் தற்செயல் இல்லை. வயதானவர்களிடம் சொற்களையோ படங்களையோ காட்டி நினைவுகளைக் கேட்டால், பெரும்பாலும் 10 வயதுக்கு மேல் 30 வயதுக்குள் நடந்தவையே வரும். வாசனையைக் காட்டினால் 10 வயதுக்கு முந்தையவை அதிகம் வரும். சுவீடன் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாசனை முதன்முதலில் எதோடு சேர்ந்து வந்ததோ அந்தப் பிடிப்புக்கு மூளை தனி இடம் கொடுக்கிறது என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நடந்த ஆய்வு ஒன்றும் 2009-இல் காட்டியது. பெரும்பாலான வாசனைகளை நாம் முதலில் சந்திப்பது சின்ன வயதில்தானே.

ஆனால் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வாசனை கொண்டு வரும் நினைவில் உணர்ச்சி அதிகம். அதனால் விவரங்களும் துல்லியமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளர் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார். என் நினைவில் அந்த மிஷினை மூடும் துணி நீலம், அக்காவுக்கு அது பச்சை. இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறோம். நிறம் எதுவாகவும் இருக்கட்டும், அங்கே எனக்கு இருந்த நிம்மதி உண்மை.

சரி, நாமாக முயன்றால் ஏன் வருவதில்லை? கண்ணை மூடிக்கொண்டு ஒரு முகத்தைக் கொண்டு வந்துவிடலாம். ஒரு பாட்டை மனசுக்குள் ஓட்டிவிடலாம். ஒரு வாசனையை அப்படி வரவழைக்கப் பாருங்கள், நம்மில் பலருக்கு முடியாது. சாவி வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதனால்தான் அது எப்போதும் திடீரென்று வருகிறது. சூழலும் இப்படியே வேலை செய்யும். 1975-இல் காடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனை இதற்குப் புகழ்பெற்றது. தண்ணீருக்கு அடியில் மனப்பாடம் செய்த சொற்கள் அடியிலேயே நன்றாக ஞாபகம் வந்தன, கரையில் படித்தவை கரையில். படித்த பள்ளியின் மாடிப்படியில் ஏறும்போது மறந்தே போன பெயர்கள் வாயில் வருவது இதனால்தான்.

சுவையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. பாட்டு வேறு மாதிரி. பழகிய பாட்டைக் கேட்கும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி சொந்த நினைவுகளோடு சேர்ந்து வேலை செய்வதை 2009-இல் பெட்ர் யனாட்டா என்ற ஆய்வாளர் ஸ்கேனில் காட்டினார். பாட்டின் குறை, அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்; ஒவ்வொரு தடவையும் புது நினைவு ஒன்று ஒட்டிக்கொண்டு பழையது மங்குகிறது.

மறதி நோய் உள்ள பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது பயன்படும். அல்சைமர் நோயில் முகரும் திறன் பலருக்குச் சீக்கிரமே குறைந்துவிடும். பழகிய பாட்டு பல நேரம் அதன் பிறகும் நிற்கிறது. “ஞாபகம் இருக்கா?” என்று கேட்டு அவர்களைத் தவிக்கவிடாமல், அவர்கள் இளவயதில் கேட்ட பாட்டைப் போடுங்கள்.

இறந்துபோனவர்களின் உடையை வாசனைக்காக வைத்திருக்கிறீர்களா? துவைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அடிக்கடி திறந்தால் வாசனை ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். இருவருடைய துணியை ஒரே டப்பாவில் போட வேண்டாம். பூச்சி உருண்டை போட்டால் அதோடு சரி.